பல்லி ஓய்ந்தால் புறப்படலாம்

(நமது சங்கத்தின் கல்கத்தா உறுப்பினர்கள் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியபடியே தரப்படுகிறது.)



இந்த மேடையில் வழக்கமாக உபநிஷத்தைப் பற்றிப் பேசுவார்கள், அல்லது உடம்பைப் பற்றிப் பேசுவார்கள். போன கூட்டத்தில் ஒரு டாக்டர் முழங்கால் மாற்று சிகிச்சையைப் பற்றிப் பேசினார், உட்கார இடமில்லை. இன்று பேச வேண்டியவர் பேரன் பிறந்து பெங்களூர் போய்விட்டார். காரியதரிசி எனக்கு ஃபோன் செய்து, "உங்க பழைய காரைப் பத்திப் பேசுங்கோளேன்" என்றார். "அதில் ஆன்மிகம் ஒன்றும் கிடையாதே" என்றேன். "அரை மணிக்குள்ள முடிச்சா போறும்" என்றார். ஆகவே வந்திருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் ரசாயனத்தில் பி.எஸ்.ஸி. மத்திய அரசின் பரிசோதனைச் சாலை ஒன்றில் 1971 முதல் 2009 வரை உத்தியோகம். ரப்பர், பெயிண்ட், எண்ணெய் என்று மற்றவர்கள் அனுப்பும் சரக்கைச் சோதித்து, தேறியது, தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது வேலை. இதை முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம் உண்டு. இன்றைக்கு நான் சொல்லப்போவதில் வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று வரும். அது என் படிப்பும் உத்தியோகமும் சம்பந்தப்பட்டது.

கார் என்னுடையது அல்ல. என் அக்காவுடையது. எம்.ஜி.ஏ. என்று பெயர். இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது, மழை வந்தால் கித்தானை இழுத்து மாட்ட வேண்டும். கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது. கையை உள்ளே விட்டு ஒரு கயிற்றை இழுத்தால் திறக்கும். ஜன்னல் கண்ணாடி ஏற்றி இறக்குகிற சமாசாரமும் இல்லை. இவ்வளவு இல்லாமைகள் உள்ள ஒரு வஸ்துவை ஒரு லட்சத்து ஓராயிரத்துச் சொச்சம் பேர் வாங்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1955-லிருந்து 1962 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் செய்தார்கள். அதில் இங்கிலாந்திலேயே விற்றது ஆறாயிரத்துக்கும் குறைவு. மீதி எல்லாம், பெரும்பாலும் அமெரிக்காவுக்கு, கப்பல் ஏறிவிட்டது. அந்தத் தொழிற்சாலையை 1980-ல் மூடிவிட்டார்கள். எம்.ஜி. என்ற பெயர் கைமாறிக் கைமாறி இன்று சீனக் கம்பெனியிடம் இருக்கிறது. குஜராத்தில் ஹாலோலில் அதே பெயரில் வண்டி செய்கிறார்கள். என் பேத்தி இந்தக் காரின் முன்பக்கத்து முத்திரையைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுக்கு சார்ஜர் எங்கே இருக்கு?" என்று கேட்டாள்.

எங்கள் வண்டி 1957-ல் செய்தது. இங்கே ஒரு தூதரக அதிகாரியுடன் வந்தது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்கள் ஊருக்குப் போகும்போது வண்டியை இஷ்டப்பட்டவருக்கு விற்றுவிட முடியாது. ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் மூலமாகத்தான் போக வேண்டும். அப்படி 1964-ல் என் அத்திம்பேர் வாங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் இன்ஜினீயர். பஞ்சகச்சமும் குடுமியுமாக இருந்த அவருடைய தகப்பனார் கும்பகோணத்திலிருந்து, "பாதி வண்டிக்கு முழு விலை கொடுத்திருக்கிறாய்" என்று கார்டு போட்டாராம். அந்தக் கார்டை அக்கா இன்னும் வைத்திருக்கிறாள்.

நான் 1970-ல் பட்டத்தோடு ஹௌராவில் வந்து இறங்கியபோது அத்திம்பேர் இந்த வண்டியோடு ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். படுக்கையும் டிரங்குப் பெட்டியும் டாக்ஸியில் போயின; நான் காரில். சாவியைத் திருகினார். பின்பக்கத்தில் எங்கேயோ 'டிக், டிக், டிக்' என்று சத்தம். நான் திரும்பிப் பார்த்தேன். "பல்லி சொல்றதுடா. ஓயட்டும்" என்றார். பத்துப் பதினைந்து தடவை சொல்லிவிட்டு அது ஓய்ந்தது. பிறகுதான் ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார்.

அந்தப் பல்லி என்னவென்றால், எஸ்.யூ. என்ற கம்பெனியின் மின்சாரப் பெட்ரோல் பம்ப். சீட்டுக்குப் பின்னால், வண்டியின் அடியில் இருக்கிறது. சாவியைத் திருகியதும் அது பெட்ரோலை முன்னால் கார்புரேட்டருக்குத் தள்ள ஆரம்பிக்கும்; ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு 'டிக்'. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் நிரம்பியதும் ஊசி வால்வு மூடிக்கொள்ளும். பெட்ரோலுக்குப் போக இடமில்லாமல் பம்ப் நின்றுவிடும். இந்த விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்திம்பேர் 1986-ல் காலமானார். வண்டியைக் கராஜில் விட்டுத் தார்ப்பாய் போட்டு மூடினோம். மூடியது மூடியதுதான். 23 வருஷம். இந்த ஊரின் ஈரக் காற்று உங்களுக்குத் தெரியும்; அப்பளமே நமுத்துப்போகிற ஊரில் இரும்பு என்ன ஆகும்? 2009-ல் நான் ஓய்வு பெற்றேன். ஆறாவது சம்பளக் கமிஷன் அரியர்ஸின் இரண்டாம் தவணையும் வந்தது. அக்கா ஒரு நாள் சாவியைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, "ஒரு தரம் ஓட்டிக் காட்டுடா" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. என் ஆத்துக்காரி மட்டும், "அரியர்ஸ்ல சமையலறைக்கு டைல்ஸ் போடலாம்னேளே" என்றாள். டைல்ஸ் 2019-ல் போட்டோம்.

தார்ப்பாயை எடுத்தபோது கண்ட காட்சியைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. இந்த வண்டியின் தரை பிளைவுட் பலகையால் ஆனது. கரையான் முழுவதையும் சாப்பிட்டிருந்தது. சீட்டின் இடுக்கில் அக்காவின் கொண்டை ஊசிகள் ஏழு இருந்தன.

ஆனால் இன்ஜினைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. எனக்கு என்பதைவிட, என்னோடு வந்த மிஸ்திரிக்கு. மஞ்சள் டாக்ஸிகளையே நாற்பது வருஷம் பிரித்து மாட்டியவர். பானெட்டைத் தூக்கிவிட்டு அரை நிமிஷம் பார்த்தார். "இது அம்பாசடர்தானே தாதா? மூக்கு மட்டும் ரெண்டு இருக்கு" என்றார். உண்மை. உத்தியோக காலம் முழுவதும் நாம் ஆபீஸ் அம்பாசடரில் போய்வந்தோமே, அதில் பல்லாண்டு காலம் ஓடிய 1489 சி.சி. இன்ஜினும் இந்த ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினும் ஒரே குடும்பம். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ். சிலிண்டர் குறுக்களவு 73 மில்லிமீட்டர், பிஸ்டன் நடை 89 மில்லிமீட்டர், இரண்டுக்கும் ஒன்றே. உத்தரபாராவில் 2014 வரை அம்பாசடர் செய்துகொண்டிருந்தார்கள். ஆக, லண்டனில் தேட வேண்டியதில் ஒரு பகுதியை மல்லிக் பஜாரிலேயே தேடலாம் என்று ஆயிற்று.

பகுதி என்றுதான் சொன்னேன். பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை மாதிரி. மூக்கும் முழியும் ஒன்று, குணம் வேறு. இதில் கார்புரேட்டர் இரண்டு. சிலிண்டர் ஹெட்டில் வால்வுகள் பெரியவை. அழுத்த விகிதம் 8.3, அம்பாசடரில் அதைவிடக் குறைவு. மிஸ்திரி "அட்ஜஸ்ட் ஆகிவிடும்" என்பார். நான் மைக்ரோமீட்டரை எடுப்பேன். 38 வருஷம் அதைத்தானே செய்தேன். எங்கள் இருவருக்கும் சண்டை வந்த நாட்கள் பல. எத்தனை முறை அவர் சொன்னது சரியாக இருந்தது என்ற கணக்கை இங்கே சொல்வதாக இல்லை.

பெரிய தவறு என்னுடையதுதான். இந்த வண்டிக்குச் சேஸிஸ் தனி, பாடி தனி. கதவுக்குக் கீழே ஓடும் நீளப் பெட்டித் தகடுகள் துருவில் போய்விட்டிருந்தன. அவற்றை வெட்டி எடுத்துப் புதிது வைக்க வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் கதவு இருக்கிற இடைவெளியில் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம் கொடுத்துப் பற்றவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பாடி தொய்ந்துவிடும். வீட்டில் சுவரை இடிக்கும்போது முட்டுக் கொடுப்பதில்லையா, அதுபோல. நான் அவசரப்பட்டேன். தகடு வெட்டியாயிற்று, புதுத் தகடும் வைத்தாயிற்று, கதவு மூடவில்லை, அரை அங்குலம் இடித்தது. எல்லாவற்றையும் மறுபடி வெட்டினோம். எட்டு மாதம் போயிற்று.

இன்னொன்று ரசாயனக்காரனுக்கு ருசியான விஷயம். இந்த வண்டியின் கதவுத் தகடு, பானெட், டிக்கி மூடி மூன்றும் அலுமினியம், மற்றது இரும்பு. அலுமினியம் துருப்பிடிக்காது என்று சந்தோஷப்பட்டால், இரும்பைத் தொடும் ஓரத்தில் வெள்ளைப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு உலோகம், நடுவில் ஈரம். பள்ளிக்கூடத்தில் படித்த மின்கலம்தான். அலுமினியம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். இரண்டும் தொடாமல் நடுவில் ஒரு பூச்சுக் கொடுத்து மூடினோம்.

அடுத்தது நிறம். இங்கிலாந்தில் கேய்டன் என்ற ஊரில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் மோட்டார் கம்பெனிகளின் உற்பத்திப் பேரேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். சேஸிஸ் எண்ணை எழுதிப் பணம் கட்டினால், வண்டி என்று கட்டப்பட்டது, என்ன நிறம், இன்ஜின் எண் என்ன என்று சர்டிபிகேட் அனுப்புவார்கள். எங்களுக்கும் வந்தது. நிறம்: கிளேசியர் ப்ளூ. பனிப்பாறை நீலம்.

எங்களுக்குத் தெரிந்த வண்டி அரக்கு நிறம். 1966-ல் அத்திம்பேர் மாற்றியிருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் என் மருமான், "மாமா, ஒரிஜினல் கலர்ல பண்ணினாத்தான் மதிப்பு" என்று கடிதத்துக்கு மேல் கடிதம். அவன் சொன்னதில் தப்பில்லை. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் சொல்வார்கள். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாள்தான் அவர்களுக்குக் கணக்கு. நான் ஆறு மாதம் இரண்டு மனதாக இருந்தேன். பழையபடி ஆக்குவது என்றால் எந்தப் பழையபடி? 1957-ல் ஆபிங்டனில் இருந்தபடியா, நான் ஹௌரா ஸ்டேஷனில் பார்த்தபடியா? கடைசியில் அக்காவிடம் கேட்டேன். "நீலமா? அது யாரோ துரையோட வண்டின்னா? என் கூறைப் புடவைக் கலர்லதான் அடிக்கணும்னு அவர் பெயிண்ட் கடைக்காரன்கிட்டே புடவையையே கொண்டுபோய்க் காட்டினார்" என்றாள். அரக்குதான் அடித்தோம். போட்டிகளில் அதற்காக மார்க்கு போகிறது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த வேலை கார்புரேட்டர். இரண்டும் சம அளவு காற்றை இழுக்க வேண்டும். அதைச் சரிபார்க்க இப்போது கருவிகள் உண்டு. பழைய முறை என்னவென்றால், ஒரு சின்ன ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையை ஒரு கார்புரேட்டரின் வாயிலும் பிறகு அடுத்ததின் வாயிலும் பிடித்து, காற்றின் சீறலைக் கேட்பது. இரண்டு சீறலும் ஒன்றாக இருக்க வேண்டும். தம்பூராவுக்கு ஸ்ருதி சேர்க்கிற வேலை. எனக்கு அறுபது தாண்டியபின் வலது காது மந்தம். மிஸ்திரிக்குப் பட்டறைச் சத்தத்திலேயே காது போயிற்று. இரண்டு நாள் திண்டாடினோம். காப்பி கொண்டுவந்த அக்கா, "என்னடா பண்றேள்?" என்று குழாயை வாங்கிக் காதில் வைத்தாள். அவள் ஐம்பது வருஷம் வீணை வாசித்தவள். "பின்னால இருக்கறது கொஞ்சம் தூக்கல்" என்றாள். திருகைக் கால் சுற்றுத் திருப்பினோம். "இன்னும் ஒரு மயிரிழை... போறும்." இன்ஜின் தையல் மிஷின் மாதிரி ஓடிற்று.

2018-ல் வண்டி தெருவுக்கு வந்தது. ஒன்பது வருஷம். செலவு எவ்வளவு என்று பலர் கேட்கிறார்கள். முதல் நாலு வருஷம் நோட்டில் எழுதினேன். பிறகு அந்த நோட்டு என் ஆத்துக்காரியின் கண்ணில் படும் இடத்தில் இருப்பது உசிதமில்லை என்று தோன்றியது, நிறுத்திவிட்டேன். ஒன்று சொல்கிறேன்: அந்தப் பணத்துக்கு இரண்டு புது மாருதி வாங்கியிருக்கலாம்.

இப்போது பெட்ரோல் கதைக்கு வருகிறேன்.

கும்பகர்ணன் தூங்கி எழுந்தபோது ஊர் மாறியிருந்தது போல, இந்த வண்டி தூங்கிய 23 வருஷத்தில் பெட்ரோல் மாறிவிட்டது. 1986-ல் பெட்ரோலில் ஈயக் கலவை இருந்தது. இன்ஜின் 'நாக்' பண்ணாமல் இருப்பதற்காகப் போட்டது. கூடவே அது எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இருக்கையில் மெல்லிய படலமாகப் படிந்து தேயாமல் காப்பாற்றியது. ஈயம் குழந்தைகளின் மூளைக்குக் கேடு. ஆகவே 2000 பிப்ரவரி முதல் நம் நாட்டில் ஈயமில்லாத பெட்ரோல்தான். நல்ல காரியம். ஆனால் பழைய வண்டிகளில் அந்த இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே புதைந்துகொண்டே போகும். இதை நான் முன்கூட்டியே யோசித்து, ஹெட்டைக் கடைசலுக்குக் கொடுத்துக் கடினமான எஃகு வளையங்களை இருக்கையாகப் பதித்துவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அடுத்த மாற்றத்தில்தான் கோட்டைவிட்டேன். பெட்ரோலில் எதனால், அதாவது சாராயச் சத்து, கலக்கிறார்களே. 2022-ல் பத்து சதவீதம் ஆயிற்று, 2025-ல் இருபது. பேப்பரில் நான் படிக்காததா? எதனால் சில பழைய வகை ரப்பர்களை ஊறவைத்து உப்பச் செய்யும், பிறகு வெடிக்க வைக்கும். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இதெல்லாம் எனக்குப் பாடம். ரப்பரை எண்ணெயில் ஊறவைத்து எடை போட்டுப் பார்ப்பதே ஒரு காலத்தில் எனக்கு அன்றாட வேலை. ஆனாலும் இரண்டு கார்புரேட்டருக்கும் நடுவே பெட்ரோல் போகும் குழாயை, பார்வைக்குப் பழைய மாதிரியே இருக்க வேண்டும் என்று, வெளிநாட்டிலிருந்து வரவழைத்து 2017-ல் போட்டேன். உள்ளே ரப்பர், மேலே எஃகுக் கம்பி வலை. வலை பளபளவென்று இருந்தது. உள்ளே இருப்பது என்ன ரப்பர் என்று நான் கேட்கவில்லை. மற்றவர்கள் அனுப்பிய சரக்கென்றால் கேட்டிருப்பேன்.

இதற்கிடையில் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏனென்றால் கதைக்கு வேண்டும். ஆர்.சி. புத்தகம் அத்திம்பேர் பேரிலேயே இருந்தது. 23 வருஷம் கழித்துப் படிவம் 31-ஐ நீட்டி அக்கா பேருக்கு மாற்றியது ஒரு தனிப் புராணம். கவுண்டருக்கு அந்தப் பக்கமே ஆயுளைக் கழித்தவன், இந்தப் பக்கம் நின்றால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன். 2021-ல் ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கென்று மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. முன்பே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கறிகாய் வாங்கவோ கோவிலுக்குப் போகவோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி இவற்றுக்கு ஓட்டலாம். பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் போகலாம். நியாயமான விதி என்பதே என் அபிப்ராயம். இவ்வளவு புகை விடும் வண்டிகளுக்கு இதற்கு மேல் சலுகை கேட்பது அழகல்ல.

ஆக, பெட்ரோல் போடப் போகலாம். அந்த ஒரு சாக்கு போதாதா? மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை அக்கா தலைப்பைக் காதைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். ஸதர்ன் அவென்யூவில் ஏரிக்கரை ஓரமாகப் போய்ப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருவோம். இருக்கிற பங்குகளில் கொஞ்சம் தூரத்துப் பங்காகத்தான் பார்ப்பேன். அதை விதி தடுக்கவில்லை.

2025 மார்ச் மாதம் அப்படி ஒரு காலை. பெட்ரோல் போட்டாயிற்று. பையன் மூடியைப் போட்டான், பணம் கொடுத்தேன், சாவியைத் திருகினேன். பல்லி சொல்ல ஆரம்பித்தது. பையன், "தாது, இது என்ன வண்டி, எவ்வளவு விலை?" என்று கேட்டான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் எனக்குச் சலிப்பே வருவதில்லை. சொல்லிக்கொண்டே ஸ்டார்ட்டர் குமிழில் கையை வைத்துவிட்டேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏண்டா, பல்லி ஓயலையே."

"டேங்க் காலியா இருந்ததுக்கா. நிரம்பறதுக்கு நாழியாறது" என்றேன். என்ன பதில் பாருங்கள்! ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அதே பெட்ரோலில்தானே வந்தோம்? டேங்க்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

"இல்லேடா. ஓயாம அவர் கிளம்ப மாட்டார்" என்றாள். கையை விடவில்லை.

அப்போதுதான் நானும் கேட்டேன். டிக், டிக், டிக், டிக். நிற்கவே இல்லை. பம்ப் நிற்கவில்லை என்றால் பெட்ரோல் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்ஜின் ஓடவில்லை, பின் எங்கே போகிறது? சாவியைத் திருப்பி அணைத்தேன். பெட்ரோல் வாசனை வரவில்லையா என்று கேட்பீர்கள். பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு பெட்ரோல் வாசனை என்றால் யார் கவனிப்பார்கள்?

இறங்கி பானெட்டைத் தூக்கினேன். இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். மேலே அது, கீழே இது. பளபளக்கும் கம்பி வலைக் குழாய் முழுக்க நனைந்து, சொட்டுச் சொட்டாகக் கீழே கொதிக்கிற எக்ஸாஸ்ட் இரும்பின் மேல் விழுந்து ஆவியாகிக்கொண்டிருந்தது. பெட்ரோல் ஆவி சூட்டினால் மட்டும் பற்றிக்கொள்ளும் என்று இல்லை. ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தால் ஒரு பொறி வருமே, அது போதும். சுற்றிலும் பெட்ரோல் பங்கு.

அக்காவை இறக்க வேண்டும். அந்த சீட் தரையிலிருந்து ஒன்றரை முழம்கூட இருக்காது. அவளுக்கு வயது 86, இரண்டு முழங்காலும் போன கூட்டத்தில் டாக்டர் சொன்ன நிலையில். பையனும் நானும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துத் தூக்கி இறக்கி, தள்ளிக் கொண்டுபோய் நிறுத்த இரண்டு நிமிஷம் ஆயிருக்கும். அந்த இரண்டு நிமிஷத்தில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பு ஒன்று வண்டியிலேயே விழுந்துவிட்டது. அதற்குள் பங்கில் இருந்தவர்கள் மணல் வாளியோடு வந்துவிட்டார்கள். வண்டியைக் கையாலேயே தள்ளித் தெரு ஓரத்துக்குக் கொண்டுபோனோம். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்! இப்போதும் சில ராத்திரி மூன்று மணிக்கு முழித்துக்கொண்டால் அந்தக் குமிழ் என் கையில் இருக்கிறது.

குழாயை வீட்டில் நெடுக்காகக் கீறிப் பார்த்தேன். உள்ளே ரப்பர் கொழகொழத்துச் சில இடங்களில் வெடித்திருந்தது. எதனாலை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். எட்டு வருஷத்து ரப்பர். அடியில் அடுப்பு மாதிரி சூடு. சரக்கே மட்டமாகவும் இருந்திருக்கலாம். காரணம் எதுவானாலும், வலையைப் போர்த்தி உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாமல் செய்துகொண்டவன் நான்.

இப்போது எதனாலைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர் உள்பூச்சு உள்ள சாதாரணக் கறுப்புக் குழாய் போட்டிருக்கிறேன். வலை இல்லை, விரலால் அமுக்கிப் பார்க்கலாம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம், நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுவது. மிதவைக் கிண்ணத்து ஊசி வால்வின் முனை, வாஷர், எல்லாம் அப்படியே. பேட்டரியைத் துண்டிக்க ஒரு ஸ்விட்ச், சீட்டுக்கு நடுவில் ஒரு தீயணைப்பான். போட்டியில் இதற்கும் மார்க்கு கழிப்பார்கள். கழிக்கட்டும்.

உங்களில் யாராவது தாத்தா காலத்து மோரிஸ், ஹெரால்டு, லாம்ப்ரெட்டா ஏதாவது வைத்திருந்தால் ஒரு சின்னப் பரிசோதனை சொல்லித்தருகிறேன். வெட்டவெளியில், நெருப்பு, சிகரெட், செல்போன் எதுவும் கிட்டே இல்லாமல் செய்ய வேண்டும். 100 மில்லி அளவு ஜாடியில் 10 மில்லி தண்ணீர், மேலே 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி வைத்துவிட்டால், எதனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். அடியில் 10 இருந்தது சுமார் 28 ஆகியிருந்தால் உங்கள் பெட்ரோலில் எதனால் இருபது சதவீதம். அந்தப் பெட்ரோலை வண்டிக்குத் திரும்ப ஊற்றாதீர்கள். கூடவே வண்டியில் எத்தனை ரப்பர் சாமான் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தப் பொழுதுபோக்கை ஆரம்பிக்கலாமா என்று இரண்டு மூன்று பேர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். கூரை உள்ள கராஜ் இல்லாமல் வேண்டாம். காது கேட்கிற மிஸ்திரி கிடைத்தால் விடாதீர்கள். எங்கள் மிஸ்திரி 2023-ல் கண் ஆபரேஷன் செய்துகொண்டு கிராமத்தோடு போய்விட்டார். அவர் பிள்ளை பாட்டரி ரிக்ஷா ரிப்பேர் பார்க்கிறான், கார்புரேட்டரைப் பார்த்தால் சிரிக்கிறான். இப்போது ஸ்ருதி சேர்க்க நானும் அக்காவும்தான்.

அன்றைக்கு அப்புறம் அக்கா இனிமேல் வர மாட்டாள் என்றே நினைத்தேன். மருமானும் ஃபோனில் என்னைக் கோபித்துக்கொண்டான், கோபித்துக்கொள்ள வேண்டியதுதான். மூன்று மாதம் நான் வண்டியைத் தொடவில்லை. ஜூலையில் ஒரு சனிக்கிழமை ராத்திரி அவளே, "நாளைக்குப் பெட்ரோல் போட வேண்டாமாடா?" என்று கேட்டாள்.

வருகிற ஜனவரி ராலிக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். சொந்தக்காரர் என்ற இடத்தில் அக்கா பெயர். ஓட்டுநர் நான். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்பவர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதிலும் அக்கா பெயரையே எழுதினேன். வழி ஒன்றும் சொல்ல மாட்டாள். சாவியைத் திருகியதும் விரலை விட்டு எண்ண ஆரம்பிப்பாள். எண்ணி முடிந்து, "ஹூம்" என்றால்தான் நான் குமிழைத் தொடலாம்.

அரை மணி ஆகிவிட்டது என்று காரியதரிசி கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்வி இருந்தால் காப்பி சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம். வண்டி வாசலில் இல்லை. இந்தக் கூட்டம் கண்காட்சியிலும் சேராது, ராலியிலும் சேராது. ஆகவே நான் டிராமில்தான் வந்தேன். நமஸ்காரம்.